சிவப்பு விளக்கும் வலது முட்டியும்

கேள்வி: எனக்கு வயது 46. சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் அலுவலக வேலை. இரண்டு வருடமாகப் பூங்கா இணைப்புப் பாதையில் சாதாரண சைக்கிள் ஓட்டினேன். நான்கு மாதத்துக்கு முன் ஒரு பழைய ரோடு பைக் வாங்கினேன். முன் பல்சக்கரங்களில் 52/36 பல், பின்னால் 11–28 பல், கிராங்க் (பெடலைச் சுழற்றும் கை) 172.5 மி.மீ. விற்றவரே கிளீட் (பெடலோடு பூட்டிக்கொள்ளும் அடித்துண்டு) வைத்த ஷூவும் ஷிமானோ பெடலும் கொடுத்தார். கிளீட் சிவப்பு நிறம். வாரத்துக்கு 80 கிலோமீட்டர் ஓட்டியவன், குழுவில் சேர்ந்த பிறகு ஆறே வாரத்தில் 210-க்கு வந்துவிட்டேன். இப்போது வலது முட்டியின் முன்பக்கம், சில்லைச் சுற்றி வலிக்கிறது. 35, 40 கிலோமீட்டர் தாண்டினால் ஆரம்பிக்கிறது. எம்ஆர்டி ரயில் நிலையப் படி இறங்கும்போதும் சினிமாவில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும்போதும் வலி தெரிகிறது. வீக்கம் இல்லை. இடுப்பு ஆடுகிறது என்று குழுவில் ஒருவர் சீட்டை இறக்கச் சொன்னார், இறக்கினேன். சிக்னலில் கால் ஊன்றவும் அது வசதியாகத்தான் இருக்கிறது. இப்போது சீட் உயரம் 66.5 செ.மீ., என் உள்கால் அளவு 80 செ.மீ. இன்னொருவர் தேய்மானமாக இருக்கும், எம்ஆர்ஐ எடு என்கிறார். மனைவி சைக்கிளையே விற்கச் சொல்கிறார். பத்து வாரத்தில் நண்பர்களோடு தீவைச் சுற்றி 130 கிலோமீட்டர் ஓட்டுவதாகத் திட்டம். முடியுமா? (பெயர் வேண்டாம், செங்காங்)

பதில்: சைக்கிளை விற்க வேண்டாம். சீட்டை ஏற்றுங்கள்.

அளவுகளைக் கடிதத்திலேயே எழுதியது நல்லதாகப் போயிற்று. பெரும்பாலான கடிதங்களில் "முட்டி வலி, என்ன தைலம் தேய்க்கலாம்" என்பதோடு விஷயம் முடிந்துவிடும். உங்கள் கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது 66.5 என்ற எண். உள்கால் அளவை 0.883-ஆல் பெருக்குவது பல காலமாகப் புழங்கும் கணக்கு. உங்களுக்கு அது 70.6 செ.மீ. கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாய் வழியே சீட்டின் மேற்பரப்பு வரைக்குமான தூரம் இது. இன்றைய பெடலும் ஷூவின் அடிப்பாகமும் பழையதைவிட மெலிதாக இருப்பதால் சில மில்லிமீட்டர் கழித்து 70 என்று வைத்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தாலும் நீங்கள் மூன்றரை சென்டிமீட்டர் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறீர்கள். அரை சென்டிமீட்டர் வித்தியாசத்தையே முட்டி கண்டுபிடித்துவிடும். மூன்றரை என்பது மிக அதிகம்.

தாழ்ந்த சீட் ஏன் சில்லை வலிக்க வைக்கிறது? முட்டிச் சில்லு தொடை எலும்பின் முனையில் உள்ள ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கி ஓடுகிறது. கால் நீண்டிருக்கும்போது அது கிட்டத்தட்டச் சும்மா மிதக்கும். கால் மடங்க மடங்க, தொடைத் தசை இழுக்கும் இழுப்பு அதை எலும்போடு சேர்த்து அழுத்தும். பெடல் மேலே வரும்போது முட்டி எப்படியும் நன்றாக மடங்கித்தான் ஆகும். சீட் தாழ்ந்தால் அந்த மடக்கு இன்னும் கூடும். அந்த நிலையிலிருந்துதான் நீங்கள் ஒவ்வொரு முறையும் மிதியைத் தொடங்குகிறீர்கள். படி இறங்கும்போது வலிப்பதும், சினிமாவில் ஒரே மடக்கில் இரண்டு மணி நேரம் இருந்தால் வலிப்பதும் இதே சில்லு அழுத்தத்தைத்தான் காட்டுகின்றன. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் எல்லாம் ஒரே பக்கம் கை நீட்டுகின்றன.

இடுப்பு ஆடுவதைப் பார்த்தவர் தவறாகப் பார்க்கவில்லை, ஆனால் ஒரு காரணத்தை மட்டும் நினைத்துவிட்டார். சீட் மிக உயர்ந்தால் பெடல் கீழே போகும்போது கால் எட்டாமல் இடுப்பு அந்தப் பக்கம் சரியும். சீட் தாழ்ந்தோ கிராங்க் நீண்டோ இருந்தால், பெடல் மேலே வரும்போது தொடைக்கு இடம் போதாமல் இடுப்பு தூக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டும் ஆட்டமாகத்தான் தெரியும். எந்த நேரத்தில் ஆடுகிறது என்பதுதான் கேள்வி. யாரையாவது பின்னால் வரச் சொல்லி 20 விநாடி வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

இனி, வலி ஏன் வலது முட்டியில் மட்டும்? இரண்டு காலும் ஒரே சீட்டில்தான் உட்காருகின்றன, ஒரே தூரம்தான் ஓடுகின்றன. சிங்கப்பூரில் நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது நடைபாதை ஓரம் இடது கைப் பக்கம் இருக்கிறது. அதனால் பெரும்பாலோர் இடது காலைக் கழற்றி ஊன்றுவார்கள், வலது கால் பெடலிலேயே மாட்டியிருக்கும். பச்சை விழுந்ததும் நின்ற வண்டியை நகர்த்துவது வலது கால்தான். செங்காங்கிலிருந்து பாசிர் ரிஸ், லோயாங் அவென்யூ வழியாக சாங்கி வில்லேஜ் போய்ச் சேர்வதற்குள் எத்தனை விளக்கு! ஒரு காலை ஓட்டத்தில் 20 தடவை நின்றீர்கள், ஒவ்வொரு தடவையும் வேகம் பிடிக்க வலது காலால் ஏழெட்டு அழுத்தம் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொண்டால், சுமார் 150 கனத்த மிதி அந்த ஒரு முட்டிக்கு. சீட் தாழ்வு, வேகமாக ஓடிக்கொண்டிருந்தபோது போட்ட பெரிய கியரை மாற்றாமலே நின்றது, உட்கார்ந்தபடியே அமுக்கியது. மூன்றும் ஒரே நொடியில் சேர்கின்றன. வலியின் முழுக் காரணமும் இதுதான் என்று கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் காசு செலவில்லாமல் நாளைக்கே மாற்றக்கூடியது இது.

விளக்கு மஞ்சளுக்கு மாறியதும், நிற்கும் இடத்துக்கு முப்பது மீட்டர் முன்னாலேயே அழுத்தத்தை விட்டுவிட்டு லேசாகக் கால் சுழற்றிக்கொண்டே பின் கியரை மூன்று நான்கு கிளிக் இலேசாக்குங்கள். செயின் ஓடினால்தான் கியர் மாறும். நின்ற பிறகு கிளிக் செய்தால், புறப்படும்போது சடசடவென்று சத்தம் போட்டு வழுக்கும், அந்த அதிர்ச்சியும் முட்டிக்கே போகும். பிறகு இடது கிளீட்டைக் கழற்றுங்கள். வண்டி நிற்கும் நேரத்தில் சீட்டை விட்டு முன்னால் இறங்கி, மேல்குழாயைக் காலிடுக்கில் வைத்து நில்லுங்கள். உட்கார்ந்தபடியே தரையில் கால் ஊன்ற முடிந்தால் அந்த சீட் ஓட்டுவதற்குத் தாழ்வு என்று அர்த்தம். ரோடு பைக்கில் உட்கார்ந்துகொண்டு கால் ஊன்றும் வசதி கிடையாது. புறப்படும்போது வலது பெடலைக் கடிகாரத்தில் 2 மணி இருக்கும் இடத்தில் வைத்து, உடம்பின் எடையை அதன் மேல் ஏற்றி எழுந்து நில்லுங்கள். வண்டி தானாக நகரும், சீட் உங்களுக்குக் கீழே வந்து சேரும். காலையும் வலப்பக்கம் மாற்றி ஊன்றிப் பழகலாமே என்று தோன்றும். வாகனங்கள் ஓடும் பக்கம் சாய்ந்து நிற்பது ஆபத்து. சாலையில் அதைச் செய்ய வேண்டாம்.

சீட்டை எப்படி ஏற்றுவது? முதலில் உள்கால் அளவை மறுபடி எடுங்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவில், சீட்டில் உட்காரும் அழுத்தம் தெரியும் அளவுக்கு மேலே தள்ளி, அதன் மேல் விளிம்பைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். மூன்று தடவை எடுங்கள். ஒரே எண் வராவிட்டால் நடு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய சீட் உயரத்தை சீட் தண்டில் டேப் ஒட்டிக் குறித்துவிட்டு, முதல் தடவை 1 செ.மீ. ஏற்றுங்கள். அதன்பின் இரண்டு மூன்று ஓட்டத்துக்கு ஒருமுறை 5 மி.மீ. ஒரேயடியாக மூன்றரை சென்டிமீட்டர் ஏற்றினால் முன்பக்க வலி போய்ப் பின்பக்கத் தசைநாண் வலி வந்து உட்காரும். 69 வந்ததும் நிறுத்தி, சைக்கிள் ஷூவோடு குதிகாலைப் பெடல் மேல் வைத்துப் பின்னோக்கிச் சுழற்றிப் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி நேராகி, குதிகால் பெடலை விட்டு விலகாமல், இடுப்பும் ஆடாமல் இருக்க வேண்டும். இன்னும் துல்லியம் வேண்டுமானால், வழக்கம்போல் மாட்டிய காலைப் பெடலின் அடி நிலையில் நிறுத்தி, பக்கவாட்டில் முட்டி உயரத்துக்குக் கைப்பேசியைப் பிடித்துப் படம் எடுங்கள். இடுப்பு எலும்பின் பக்க முண்டு, முட்டியின் பக்கம், கணுக்கால் முண்டு மூன்றையும் கோடு போட்டுச் சேர்த்தால் முட்டி 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவில் அளந்தால் இது சில டிகிரி கூடுதலாகத் தெரியும், பதற வேண்டாம்.

ஏற்றும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சீட் தண்டில் 'இதற்கு மேல் தூக்காதே' என்று ஒரு கோடு இருக்கும், அது வெளியே தெரியக் கூடாது. தண்டு கார்பனாக இருந்தால் கிரீஸ் தடவாதீர்கள், கார்பன் பேஸ்ட்தான். கிளாம்பில் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 5 அல்லது அதை ஒட்டி இருக்கும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கையால் இறுக்கி விரிசல் விட்ட தண்டுகள் எவ்வளவோ உண்டு.

சீட் குழாய் சாய்வாக இருப்பதால் சீட் உயரும்போது பின்னாலும் நகரும். வழக்கமான 73 டிகிரி சாய்வில் 2.5 செ.மீ. உயர்த்தினால் சுமார் 7 மி.மீ. பின்னே போகும். முட்டிக்கு இது நல்லதுதான். ஆனால் ஹேண்டில்பார் தூரமாகவும் தாழ்வாகவும் தெரியும். கழுத்தோ கையோ வலித்தால் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்குக் கீழே ஸ்பேசர் வளையம் சேர்க்கலாம், அல்லது சீட்டை அதன் அடியில் உள்ள ரெயிலில் அந்த 7 மி.மீ. முன்னே தள்ளலாம். தள்ளிய பிறகு கிராங்க் கிடைமட்டமாக இருக்கும் நிலையில் முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு முண்டிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் பெடல் அச்சுக்கு மேலே விழுந்தால் சரி, கொஞ்சம் பின்னால் விழுந்தாலும் சரி. முன்னால் விழுந்தால் சீட் ரொம்ப முன்னே வந்துவிட்டது. இந்த நூல் சோதனையை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. தொடக்கப் புள்ளி என்ற அளவில் போதும்.

உங்கள் கிளீட் சிவப்பு என்றீர்கள். ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல் பெடலில் சிவப்பு என்றால் கால் ஒரு டிகிரிகூடத் திரும்பாது. நீலம் 2 டிகிரி, மஞ்சள் 6 டிகிரி. இரண்டு வருடம் சாதாரணப் பெடலில் பாதம் தன்னிஷ்டப்படி திரும்பி ஓட்டிய உங்களை, யாரோ ஒருவருடைய காலுக்குப் பொருத்திய கோணத்தில் பூட்டிவிட்டார்கள். பாதம் திரும்ப முடியாதபோது அந்தத் திருகல் முட்டிக்குத்தான் போகும். மஞ்சள் வாங்கி மாட்டுங்கள். கடையில் நிறத்தைச் சொல்லிக் கேட்டால் மட்டும் போதாது, பெடலின் பெயரையும் சொல்லுங்கள். லுக் கியோ என்ற இன்னொரு வகைப் பெடலில் சிவப்பு என்றால் 9 டிகிரி, சாம்பல் 4.5, கறுப்புதான் பூட்டியது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவும் செய்யாது.

மாட்டும்போது ஷூவைப் போட்டுக்கொண்டு, பெருவிரல் அடியில் உள்ள எலும்பு முண்டையும் சுண்டுவிரல் அடியில் உள்ள முண்டையும் தடவிக் கண்டுபிடித்து ஷூவின் இரு பக்கமும் டேப்பால் குறியுங்கள். பெடல் அச்சு இந்த இரண்டு குறிக்கும் நடுவில் வர வேண்டும். கோணத்துக்கு, மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள். பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே கிளீட்டைத் திருப்புங்கள். இரண்டு பாதமும் ஒரே கோணத்தில் பார்க்காது, பெரும்பாலோருக்கு அப்படித்தான். 4 மி.மீ. ஆலன் சாவி, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் இறுக்கம். ஒரு ஓட்டம் முடிந்ததும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், தளர்ந்திருக்கும்.

சீட்டையும் கிளீட்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் வாரம் கிளீட், ஏனென்றால் அதன் இடம் மாறினால் சீட் உயரக் கணக்கும் மாறும். அடுத்து சீட். நான்கு மாதத்தில் புது வண்டி, புது ஷூ, புதுக் குழு, இரண்டரை மடங்கு தூரம், தாழ்ந்த சீட் என்று ஐந்தை ஒன்றாக மாற்றியதால்தான் எது வலித்தது என்று உங்களுக்கே தெரியாமல் போயிற்று.

கியர் விஷயத்துக்கு வருகிறேன். நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எண்ணிப் பாருங்கள்: வலது முட்டி மேலே வருவதை 15 விநாடிக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள். புதிதாகக் குழுவில் சேர்கிறவர்கள் 60, 65-இல் அமுக்குவதுதான் வழக்கம். கனமாக இருந்தால் வேகம் என்ற நினைப்பு. 52 பல்லுக்குப் பின்னால் 14 போட்டு நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். அதே 52-க்குப் பின்னால் 21 போட்டு 90 சுற்று மிதித்தாலும் அதே 28. காற்று ஒன்று, வேகம் ஒன்று, நீங்கள் செலவிடும் சக்தியும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் முதலாவதில் ஒவ்வொரு மிதியும் ஒன்றரை மடங்கு கனம். இரண்டாவதில் மூச்சு கொஞ்சம் கூடும், நெஞ்சு படபடக்கும், முதல் இரண்டு வாரம் சீட்டில் துள்ளுவது போலிருக்கும். துள்ளினால் 85-க்கு இறக்குங்கள். நுரையீரல் சில வாரத்தில் பழகிக்கொள்ளும். முட்டிக்கு அந்த அவசரம் கிடையாது.

தானா மேரா கோஸ்ட் ரோட்டில் எதிர்காற்று வீசும் நாட்களில் இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். போகும்போது 33-இல் பறந்தவர்கள் திரும்பும்போது அதே கியரில் 25-ஐப் பிடிக்கப் போராடுவார்கள். மனசு கியரை இறக்கச் சம்மதிக்காது. வேகத்தைப் பார்க்காதீர்கள், சுற்றைப் பாருங்கள். இன்னொன்று: 2022 ஜனவரி 1 முதல் சாலையில் ஒற்றை வரிசைக்கு ஐந்து பேர், இரட்டை வரிசையில் பத்துப் பேர் என்பது சட்டம். விதி நல்லதுதான். ஆனால் ஐவர் குழுவில் முன்னால் நின்று காற்றை வாங்கும் முறை அடிக்கடி வரும். உங்கள் முறை வரும்போது அரை நிமிடம் நின்று கையைக் காட்டி விலகிவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் அது சரியான குழுவல்ல.

கிராங்க் 172.5 உங்கள் கால் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம், 170 அல்லது 165 பொருந்தும். இப்போதே வாங்காதீர்கள். சீட்டும் கியரும் சரியான பிறகு ஆறு வாரத்தில் வலி பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் அப்போது யோசிக்கலாம். 165 போட்டால் சீட்டை 7.5 மி.மீ. ஏற்ற வேண்டும், மேல் நிலையில் முட்டிக்கு 15 மி.மீ. இடம் கிடைக்கும். அதற்கு முன்னால், ஏற்றம் ஓட்டுகிறவராக இருந்தால் பின் கேசட்டை (பின் பல்சக்கரத் தொகுதியை) 11–34 ஆக்குவது மலிவு. 36-க்கு 28-இல் மணிக்கு 10 கிலோமீட்டர் ஏறினால் நிமிடத்துக்கு 62 சுற்று, 34-இல் 75. பின் கியரை மாற்றும் கருவி (ரியர் டிரெயிலியர்) 34-ஐத் தாங்குமா என்று கடையில் கேளுங்கள். குட்டைக் கூண்டு வைத்தவை 28 அல்லது 30 பல்லோடு நின்றுவிடும். செயினும் நீளமாக வேண்டியிருக்கும்.

இனி உடற்பயிற்சி. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். சீட்டை மாற்றுவது சில்லின் மேல் விழும் பாரத்தைக் குறைக்கும். அந்தப் பாரத்தைத் தாங்கும் வலு தொடையிலும் இடுப்பிலும்தான் வளர வேண்டும். மூன்று பயிற்சி போதும்.

வீவக அடுக்குமாடிக் கட்டட மாடிப்படியில் ஒரு படியின் விளிம்பில் வலது காலில் நில்லுங்கள். கைப்பிடியை விரல் நுனியால் மட்டும் தொடுங்கள். இடது காலைக் கீழ்ப்படியை நோக்கி மூன்று எண்ணும் வரை மெதுவாக இறக்குங்கள். குதிகால் படியை முத்தமிட வேண்டும், எடை போடக் கூடாது. பிறகு மேலே வாருங்கள். வலது முட்டி உள்பக்கம் சரியாமல் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்க வேண்டும். இடது பக்க இடுப்பு தொங்கக் கூடாது. கண்ணாடி இல்லையென்றால் கைப்பேசியை எதிரே வைத்துப் படம் பிடியுங்கள். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும், முட்டி உள்ளே உள்ளே ஓடும். 8 தடவை, மூன்று சுற்று, இரண்டு காலுக்கும், ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்தது சுவரில் சாய்ந்து நாற்காலி போல் நிற்பது. முழுதாக உட்கார வேண்டாம், முட்டி 60 டிகிரி மடங்கினால் போதும். 30 முதல் 45 விநாடி, நடுவில் ஒரு நிமிட ஓய்வு, ஐந்து தடவை. இதைத் தினமும் செய்யலாம், வலி உள்ள நாளிலும் இது ஆறுதல் தரும். மூன்றாவது, மல்லாந்து படுத்து ஒரு காலை ஊன்றி மறு காலை நீட்டி இடுப்பைத் தூக்குவது, பத்துப் பத்தாக மூன்று சுற்று. வித்தியாசம் தெரிய ஆறு வாரம் ஆகும். பன்னிரண்டு வாரம் செய்யுங்கள்.

அலுவலகத்தில் நாற்காலிக்கு அடியில் காலை மடக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். காலை நீட்டி வையுங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் பிடித்து வாருங்கள். முட்டிக்குக் கம்பளி உறை போட்டு ஓட்டச் சொல்லும் அறிவுரையை இணையத்தில் படித்திருப்பீர்கள். அது குளிர் நாட்டுக்காரர்களுக்கு எழுதியது. நம் ஊரில் விடியற்காலை ஐந்தரை மணிக்கே வியர்வை சொட்டும்.

வலியோடு ஓட்டலாமா என்ற கேள்விக்கு ஓர் அளவுகோல். பூஜ்யம் வலியே இல்லை, பத்து தாங்கவே முடியாதது. ஓட்டும்போது 3-க்குள் இருந்து, மறுநாள் காலையில் படி இறங்கும்போது முந்தின நாள் அளவுக்குத் திரும்பியிருந்தால் அந்த ஓட்டம் சரி. 4-க்குப் போனால் அன்றைக்கு அதோடு வீட்டுக்கு. மறுநாள் கூடுதலாக இருந்தால் அடுத்த ஓட்டத்தைப் பாதியாக்குங்கள்.

பத்து வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் இரண்டு வாரம் குழு வேண்டாம். வாரம் மூன்று ஓட்டம், ஒவ்வொன்றும் 20 கிலோமீட்டருக்கு மேல் இல்லை, முன்னால் 36 பல்லிலேயே. பூங்கா இணைப்புப் பாதையில் ஓட்டினால் மணிக்கு 25 கிலோமீட்டர்தான் உச்சம், நடப்பவர்களுக்காக அடிக்கடி நின்று புறப்பட வேண்டியும் வரும். அதைவிட விடியலில் தானா மேரா கோஸ்ட் ரோடு போன்ற சிக்னல் குறைந்த நீள்சாலை முட்டிக்கு இதம். அதற்காக அங்கே போய்ச் சேர இருபது சிக்னல் தாண்டாதீர்கள், முடிந்தால் வண்டியைக் காரில் ஏற்றிக் கொண்டுபோங்கள். மூன்றாம், நான்காம் வாரம் ஓர் ஓட்டத்தை மட்டும் 35, 40-க்கு நீட்டுங்கள். ஐந்தாவது வாரம் 50, ஆறாவது 60. குழுவோடு சேர்வது ஆறாவதில், அதுவும் மெதுவான குழுவோடு. ஏழாவதில் 75, எட்டாவதில் 90, ஒன்பதாவதில் 45-ஆகக் குறைத்து ஓய்வு. வலி 3-ஐத் தாண்டிய வாரத்தை அப்படியே திரும்பச் செய்யுங்கள், அடுத்ததற்குப் போகாதீர்கள். நீளத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டக் கூடாது. மவுண்ட் ஃபேபர், சவுத் புவன விஸ்தா ஏற்றங்களை இந்தப் பத்து வாரத்துக்கு மறந்துவிடுங்கள். தீவைச் சுற்ற அவை தேவையும் இல்லை.

ஆறாவது வார முடிவில் 60 கிலோமீட்டரை 3-க்குள் முடிக்க முடியாவிட்டால் 130 இந்த முறை இல்லை. ஒத்திப்போட்டு அடுத்த முறை போங்கள்.

எம்ஆர்ஐ இப்போது வேண்டாம். நாற்பதைத் தாண்டிய, வலியே இல்லாத எத்தனையோ பேரின் முட்டியை எடுத்துப் பார்த்தாலும் குருத்தெலும்புத் தேய்மானம் தெரியும். படத்தைப் பார்த்துப் பயந்துபோய் வண்டியை விற்றவர்கள்தான் மிச்சம். குளுக்கோசமைன் இந்த வகை வலிக்குப் பலன் தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை, அந்தக் காசில் மஞ்சள் கிளீட் வாங்கலாம். முட்டிப் பட்டை போட்டால் இதமாக இருந்தால் சில வாரம் போடுங்கள், தவறில்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டப் போகாதீர்கள். வலி மறைவதால் அளவுகோல் பொய் சொல்லும், ஐபுபுரோஃபென் வகை மாத்திரையும் வெயிலில் நீர் வற்றிய உடம்பும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

முட்டி வீங்கினால், பாதி வழியில் பூட்டிக்கொண்டு நீளாமலோ மடங்காமலோ நின்றால், நடக்கையில் திடீரென்று வாரிவிட்டால், தூக்கத்தில் வலி எழுப்பினால், விழுந்து அடிபட்ட பிறகு வலி தொடங்கியிருந்தால், சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் இந்தப் பதிலை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னதற்கு அன்றைக்கே. அரசாங்கப் பலதுறை மருந்தகம் வழியாகப் போய் அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கினால் அரசாங்க மருத்துவமனையில் நிபுணரை உதவித்தொகைக் கட்டணத்தில் பார்க்கலாம். இந்த அறிகுறி எதுவும் இல்லாமல், ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் வலி குறையவில்லையென்றாலும் அதே வழிதான். போகும்போது ஷூவையும், சீட் உயரம் மாற்றிய தேதிகளைக் குறித்த தாளையும் கொண்டுபோங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே சொன்னது முன்பக்க வலிக்கு. முட்டிக்குப் பின்னால் இழுத்தால் சீட் பெரும்பாலும் உயரம், இறக்க வேண்டும். வெளிப்பக்கம் சுரீரென்றால் உயரமான சீட்டோடு, பாதம் உள்நோக்கித் திரும்பும்படி கிளீட்டை மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உள்பக்கம் வலித்தால் சந்தேகம் முதலில் கிளீட்டின் மேல். செங்காங் வாசகரின் எண்களை உங்கள் வண்டியில் போடாதீர்கள்.

130 கிலோமீட்டர் நாளுக்கு ஓர் ஏற்பாடு. நடுவழியில் முட்டி 4-க்குப் போனால் நிறுத்துவது என்று நண்பர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். எம்ஆர்டியில் மடக்கு சைக்கிளுக்கு மட்டும்தான் அனுமதி, உங்கள் வண்டியை ஏற்ற முடியாது. செயலியில் ஆறு இருக்கை வண்டியைக் கூப்பிட்டு, சைக்கிள் இருக்கிறது என்று ஓட்டுநருக்கு முதலிலேயே செய்தி அனுப்புங்கள். இரண்டு சக்கரத்தையும் கழற்றி, செயின் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கப்போட்டு, செயினைப் பழைய துண்டால் சுற்றுங்கள். துண்டு ஜெர்சியின் பின் பையில் அடங்கும்.